முட்டை உடையாத சாலை

அம்மா தினமும் ஆயிரத்து இருநூறு முட்டைகளை மூன்று கிலோமீட்டர் கொண்டுபோகிறாள். மொத்தக் கிடங்கில் ஏற்றி, அரசு மருத்துவமனைச் சமையல்கூடத்தில் இறக்க வேண்டும். ட்ரேக்கு முப்பது, மொத்தம் நாற்பது ட்ரே, ஒரு லோடு ஆட்டோ, ஒரு அம்மா. வேலை இவ்வளவுதான். நடுவில் சாலை என்று ஒன்று இருப்பதால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

சாலையில் ஏழு குழிகள் இருந்தன. அந்த வழியில் வண்டி ஓட்டுகிறவர்கள் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருந்தார்கள். மாமியார், நாத்தனார் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில். ஒன்றிலிருந்து தப்பினால் மற்றதில் விழுவோம். யாரோ ஒரு பெரியவரின் பல்செட்டு எகிறி விழுந்து கடைசிவரை அகப்படாத குழிக்குப் பல்செட்டு என்றே பெயர். பிறகு தொட்டில், வட்டிக்காரன், பெட்ரோல் பங்க் எதிரில் நீச்சல்குளம். ஏழாவது புதிது. இன்னும் பெயர் வைக்கவில்லை.

அம்மா ஓட்டும்போது பார்க்க வேண்டும். மாமியாருக்குப் பத்தடி முன்னாலேயே இடது சக்கரத்தை மண் ஓரத்தில் ஏற்றிவிடுவாள். நாத்தனாரைத் தாண்டும்வரை மூச்சு விடமாட்டாள். தொட்டிலில் மட்டும் நேராக இறங்கி நேராக ஏறுவாள். அது ஆட்டும், உடைக்காது. நான் பக்கத்தில் உட்கார்ந்து பின்னால் கையை நீட்டி மேல் ட்ரேயைப் பிடித்துக்கொள்வேன். எங்கள் குடும்பத்தில் நான்தான் முதல் பட்டதாரி. பொருளாதாரம். ட்ரே பிடிக்க அது போதுமானதாகவே இருந்தது.

மருத்துவமனையில் முட்டையை வாங்கிக்கொள்கிறவருக்கு டார்ச் என்று பெயர். ஒவ்வொரு ட்ரேயையும் டார்ச் அடித்துப் பார்ப்பதால் வந்த பெயர். நூற்றுக்கு இரண்டு முட்டைக்கு மேல் உடைந்திருந்தால் எச்சரிக்கைக் கடிதம். மூன்று கடிதம் சேர்ந்தால் ஒப்பந்தம் ரத்து. அந்த ஒப்பந்தத்தை நம்பித்தான் ஆட்டோ வாங்கினோம். என் கல்லூரியும் அந்த ஆட்டோவில் வந்ததுதான். மழை முடிந்த மறுவாரம் முதல் கடிதம் வந்தது.

"ரோடு அப்படி இருக்கு சார்" என்றாள் அம்மா.

"ரோடு எப்படி இருந்தா எனக்கென்னம்மா? என்கிட்ட வர்றது முட்டை. ரோடு வர்றதில்ல."

அன்றைக்கே அம்மா பெயரில் நான் மனு எழுதினேன். நான்கு வரி. ஏழு குழிகளையும் மூடித் தரவும். சாலைத் துறை அலுவலகத்துக்குக் கொண்டுபோனால் பூட்டிய கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது: 'சாலைப் பணிகள் யாவும் ஆணையத்தின் முடிவுக்குக் காத்திருக்கின்றன.' ஆணையம் என்றால் எரிபொருள் வரி உயர்வு பரிசீலனை ஆணையம். சாலை போடுவதற்காகப் பெட்ரோல் வரியை உயர்த்தலாமா என்று அது எட்டு ஆண்டுகளாக யோசித்துக்கொண்டிருந்தது. யோசிக்கும் செலவு ஏற்கெனவே உள்ள பெட்ரோல் வரியிலிருந்து போய்க்கொண்டிருந்தது.

மனுவோடு அங்கே போனேன். ஆணையத்தின் முகப்பில் ஒரு குமாஸ்தா. அவர் முன்னால் இரண்டு மரப்பெட்டிகள். ஒன்றில் 'ஆதரவு', மற்றதில் 'எதிர்ப்பு'.

"எந்தப் பெட்டிக்கும்மா?"

"ரெண்டுக்கும் இல்லைங்க. குழியை மூடச் சொல்லி மனு" என்றேன்.

"அதுக்கு இங்க பெட்டி இல்ல. வரியை ஏத்தலாமா, வேணாமா? அவ்வளவுதான். சரி, குழி வேணுமா, வேணாமா?"

"வேணாம்."

"வேணாம்னா மூடணும். மூடக் காசு வேணும். காசு வேணும்னா வரி ஏத்தணும்." மனுவை மடித்து ஆதரவுப் பெட்டிக்குள் போட்டார். டொக் என்று ஒரு சத்தம். எட்டு ஆண்டுகளில் அந்தப் பெட்டிக்குள் விழுந்த முதல் காகிதம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

பத்து நாளில் பதில் வந்தது. குழியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வரி உயர்வை ஆதரித்து எழுச்சியுடன் குரல் கொடுத்துள்ள பொதுமக்கள் சார்பில் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு அம்மா வர வேண்டுமாம்.

"எழுச்சியா?" என்றாள் அம்மா. "நான் எப்படி எந்திரிச்சேன்?"

கூட்டத்துக்குப் போகும்போது அன்றைய மேல் ட்ரே ஒன்றையும் அம்மா எடுத்துக்கொண்டாள். முப்பதில் பதினொன்று உடைந்திருந்தது. காட்டினால் புரிந்துகொள்வார்கள் என்று நினைத்தாள். ஆணையத்தின் வாசலிலிருந்து முகப்புவரை எண்பதடிச் சாலை, கண்ணாடி மாதிரி. அதில் ஏறியதும் ஆட்டோவில் சத்தமே இல்லை. வண்டி நின்றுவிட்டதோ என்று நினைத்து அம்மா இன்ஜினைத் தட்டிப் பார்த்தாள். பிறகு, "இன்னொரு சுத்து போய்ட்டு வருவோமாடி?" என்றாள். போய் வந்தோம்.

குளிரூட்டிய மண்டபத்தில் பொதுமக்களுக்கு இருநூறு நாற்காலிகள். அம்மா ஒன்றில் உட்கார்ந்தாள். நான் துணைக்கு வந்தவள் என்பதால் கணக்கில் வரமாட்டேன் என்று செயலாளர் சொல்லிவிட்டு, மேடையைப் பார்த்து, "பொதுமக்கள் வந்தாச்சுங்க ஐயா, ஆரம்பிச்சிடலாம்" என்றார்.

தலைவர் எழுந்தார்.

"அன்பார்ந்த பொதுமக்களே! இந்தப் பொறுப்புக்கு ஏன் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று பலர் கேட்கிறார்கள். நான் பெட்ரோல் வாகனமே வைத்துக்கொள்வதில்லை. என்னுடையது மின்சாரக் கார். அதுவும் ஆணையம் கொடுத்தது. இந்த வரியை எவ்வளவு உயர்த்தினாலும் ஒரு காசுகூட என் கையிலிருந்து போகாது. அதனால்தான் என்னால் நடுநிலையோடு சிந்திக்க முடிகிறது. பெட்ரோல் போடுகிறவர்கள் உணர்ச்சிவசப்படுவார்கள்."

மேடையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். அம்மாவும் தட்டினாள். மரியாதைக்கு.

அடுத்து நிதி உறுப்பினர். மெலிந்த மனிதர், தலை குனிந்தே பேசினார்.

"ஓர் அடிப்படை உண்மையை இந்த அவை மறந்துவிடக் கூடாது. கரடுமுரடான சாலையில் வண்டி அதிகம் பெட்ரோல் குடிக்கிறது. அதிகம் குடித்தால் அதிக வரி. அந்த வரிதான் சாலை நிதி. சரி, சாலை நன்றாகிவிட்டால்? வண்டி குறைவாகக் குடிக்கும். நிதி வறண்டுபோகும். ஆகவே சாலை நிதியை அழிக்கக்கூடிய ஒரே சக்தி நல்ல சாலைதான். வரியை உயர்த்த வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் வந்த பணத்தைச் சாலையில் கொட்டி, பணம் வரும் வழியை நாமே அடைத்துவிடக் கூடாது."

"என்னடி சொல்றாரு?" என்று அம்மா என் காதில் கேட்டாள்.

"குழி அவங்களுக்கு வேணுமாம்."

"வேணும்னா வீட்டுக்கு எடுத்துட்டுப் போகட்டுமே. யாரு வேணாங்கறா?"

அம்மாவைக் கூப்பிட்டார்கள். ட்ரேயைக் கையில் பிடித்தபடியே எழுந்தாள்.

"ஏத்துறதுன்னா ஏத்துங்க சார். நான் வேணாம்னு சொல்ல வரல. எல்லாரும் போற ரோடு, நாங்களும் நாலு காசு குடுக்கறோம். ஆனா வாங்குற காசுல அந்த ஏழு குழியை மூடிடுங்க. அவ்வளவுதான் நான் கேக்கறது."

கூட்டக் குறிப்பு எழுதுகிறவர் தலையாட்டிக்கொண்டே எழுதினார். பிறகு எட்டிப் பார்த்தேன். 'பொதுமக்கள்: ஏற்றுங்கள்' என்று இருந்தது.

அதோடு கூட்டம் முடிந்திருக்கும். கடைசி நாற்காலியிலிருந்த நிபுணர் எழுந்து ஓர் இடையூறு செய்தார். சாலை எவ்வளவு மோசம் என்று அளந்து காட்டாமல் வரியை உயர்த்தச் சட்டத்தில் இடமில்லையாம். அளக்கும் கருவியோ, பெருந்தொகை கொடுத்து வாங்கியது, அளக்கப் போன முதல் நாளே மாமியாரில் விழுந்து அச்சு முறிந்து இரண்டு ஆண்டுகளாகப் பழுது பார்க்கும் இடத்தில் இருக்கிறது. சொல்லிக்கொண்டே வந்தவர் அம்மாவின் கையைப் பார்த்து நின்றுவிட்டார்.

"அம்மா, அது என்ன?"

"முட்டை சார்."

"எவ்வளவு தூரம் வந்தது?"

"மூணு கிலோமீட்டர். முப்பதுல பதினொண்ணு போச்சு. மேல் ட்ரே, அதான்."

நிபுணரின் முகம் கல்யாணம் நிச்சயமானவர் முகம் மாதிரி ஆனது. "ஐயா, கருவி கிடைத்துவிட்டது" என்றார்.

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. இனி சாலையின் தரம், அதில் உடையும் முட்டைகளின் எண்ணிக்கையால் அளக்கப்படும். வாத்து முட்டையைச் சேர்க்காதது பாரபட்சம் ஆகாதா என்று ஓர் உறுப்பினர் கேட்டதால் அரைமணி நேரம் அதைப் பற்றிப் பேசினார்கள். வாத்து முட்டைக்குத் தனியாக ஒரு துணைக்குழு அமைத்தார்கள். குழியைப் பற்றி அன்றைக்கு நேரமில்லாமல் போயிற்று.

அளவெடுப்பு நாளன்று நிபுணர் என் இடத்தில் உட்கார்ந்துகொண்டார். நான் பின்னால் நாற்பது ட்ரேக்களோடு. எல்லாம் மருத்துவமனைக்குப் போக வேண்டிய முட்டைகள். புதிதாக வாங்க ஆணையத்திடம் வழிவகை இல்லையாம். மாமியார் வந்ததும் அம்மா வழக்கம்போல இடது பக்கம் ஒடித்தாள்.

"நிறுத்துங்க, நிறுத்துங்க! ஏம்மா வளைக்கிறீங்க?"

"குழி சார்."

"குழியைத்தானே அளக்கணும்? நீங்க ஒதுங்கிப் போனா எப்படி?"

"உடைஞ்சிடும் சார்."

"உடையணும்மா! நீங்க பாட்டுக்கு ஒதுங்கிப் போய்ட்டா சாலை நல்லாருக்குன்னு ஆயிடும். உங்கள மாதிரி நல்லா ஓட்டுறவங்களாலதான் இத்தனை வருஷமா இந்த ரோட்டோட நிலைமை அரசாங்கத்துக்குத் தெரியாமலே போச்சு."

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். பதினெட்டு ஆண்டுகளாக ஒரு குற்றத்தைச் செய்துகொண்டிருந்தது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது போல இருந்தது. "பசங்க குழிக்குள்ள சைக்கிள விடுற மாதிரி விடச் சொல்றீங்களா?" என்று கேட்டாள்.

"அதேதான். நேரா."

நேராகப் போனாள். மாமியாரில் விழுந்தபோது என் தலை கூரையில் இடித்தது. நாத்தனாரில் நான்கு ட்ரேக்கள் என் மடிமேல் வந்தன. வட்டிக்காரனில் எனக்குக் கண் தெரியவில்லை, வெள்ளைக்கரு. நிபுணர் ஒவ்வொரு குழியிலும் "அருமை, அருமை" என்று எழுதிக்கொண்டே வந்தார். வண்டியின் பின்பலகைக்கு அடியிலிருந்து சாலையில் ஓர் ஒழுக்கு விழுந்துகொண்டே வந்தது. பங்கில் பெட்ரோல் போடும் அக்கா குழாயைக் கையில் பிடித்தபடியே கத்தினாள்:

"என்னக்கா, ரோட்டுக்கு மஞ்சக் கோடு போட்டுட்டுப் போறீங்களா? இவ்வளவு நாள் கழிச்சு ஒரு வேலை நடக்குது!"

ஆயிரத்து இருநூறில் ஐந்நூற்று ஆறு. நிபுணர் ஆணையத்துக்கு அந்த எண்ணை எடுத்துக்கொண்டு ஓடினார். நாங்கள் மிச்சத்தை எடுத்துக்கொண்டு டார்ச்சிடம் போனோம். அவர் அன்றைக்கு டார்ச் அடிக்கவே இல்லை. வெளிச்சம் தேவைப்படவில்லை. அன்று மதியம் நோயாளிகளில் பாதிப் பேருக்கு முட்டை இல்லை. மாலை எங்களுக்கு இரண்டாவது கடிதம்.

உடைந்த முட்டைக்கு ஆணையம் ஏதாவது கொடுக்குமா என்று கேட்கச் செயலாளரிடம் போனோம்.

"நிதி சாலைக்கு மட்டும்தாம்மா. முட்டை சாலை ஆகாது."

"சாலைலதான் சார் கிடக்கு" என்றாள் அம்மா.

"கிடக்கறது வேற, ஆகறது வேற."

வரி நான்கு சதவீதம் உயர்ந்தது. ஆயிரத்துக்கு நானூற்றுக்கும் மேல் முட்டை உடையும் சாலை நம் மனசாட்சியை உலுக்குகிறது என்று தலைவர் பேசினார். பங்கில் விலைப் பலகையை மாற்றும்போது அக்கா எங்களைப் பார்த்து, "எல்லாம் உங்க வீட்டு முட்டை பண்ண வேலை" என்றாள். போகிறவர் வருகிறவர் எல்லாம் அம்மாவைத்தான் முறைத்தார்கள். தலைவரை முறைக்க முடியாது. அவர் பங்குக்கு வருவதில்லை.

உயர்ந்த வரியில் முதல் வேலை எங்கள் சாலையிலேயே தொடங்கியது. 'இச்சாலை உங்கள் வரியில் சீரமைக்கப்படும்' என்று ஒரு பெரிய பலகை. பலகைக்கு இரண்டு கால்கள். கால் நட இரண்டு குழிகள் தோண்டினார்கள். தாரின் விளிம்பிலிருந்து ஓரடி உள்ளே தள்ளி, சாலைக்குள்ளேயே தோண்டினார்கள். ஏனென்றால் ஓரத்து மண் வேறு துறைக்குச் சொந்தம். நட்ட மறுநாள் பலகை தன் விலைப் பலகையை மறைக்கிறது என்று பங்க் முதலாளி சொல்ல, பலகையைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். குழிகளை எடுத்துக்கொண்டு போக வண்டியில் இடமில்லை போலிருக்கிறது. இப்போது ஒன்பது. புதியவை இரண்டுக்கும் தலைவர், செயலாளர் என்று அக்கா பெயர் வைத்தாள்.

இரண்டாவது வேலை ஆணையத்தின் சுற்றுச்சுவர். சாலையிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற சுவர் சாலையின் ஒரு பகுதியே என்று சட்ட ஆலோசகர் எழுதிக் கொடுத்திருந்தார். நன்றாக இருந்த சுவரை இடித்துவிட்டு இன்னும் நன்றாக ஒன்றைக் கட்டினார்கள்.

ஆறு மாதம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது ஆணையத்துக்குள் ஒரு பதற்றம். சட்டத்தின் கடைசிப் பக்கத்தை யாரோ படித்துவிட்டார்கள். வரி உயர்ந்து ஆறு மாதத்துக்குள் உடைவு குறையாவிட்டால் வரி தானாக ரத்தாகிவிடும். வரியோடு ஆணையமும். உடனே இரண்டாவது அளவெடுப்பு அறிவித்தார்கள். இந்த முறை முட்டையை ஆணையமே கொடுக்கும் என்றார்கள். அம்மா சந்தோஷமாகப் போனாள்.

ஆணையத்தின் சிற்றுண்டிச்சாலைப் பின்வாசலில் நாற்பது ட்ரேக்கள் தயாராக இருந்தன. அம்மா ஒன்றைத் தூக்கினாள். உடனே கீழே வைத்தாள்.

"சார், சூடா இருக்கு."

"வெயில்மா" என்றார் நிபுணர்.

"உள்ளதானே சார் வச்சிருந்தீங்க?"

நிபுணர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இதப் பாருங்கம்மா. விதியில முட்டைன்னுதான் இருக்கு. பச்சையா, அவிச்சதான்னு இல்ல. இல்லாததை நாமளா விதியில சேக்கறது சட்டவிரோதம்."

இந்த முறையும் நேராக. ஒன்பது குழிகளிலும் நேராக. ஆட்டோவின் கண்ணாடி ஒன்று கழன்று நீச்சல்குளத்தில் விழுந்தது. முட்டைகளுக்கு ஒன்றுமில்லை. ஓடு நொறுங்கியிருந்ததை நான் காட்டினேன். உடைவது என்றால் உள்ளே இருப்பது வெளியே வருவது, விரிசல் முட்டையின் சொந்த விஷயம் என்று நிபுணர் விளக்கினார். உடைவு: பூஜ்யம். அளவைக் கருவிகளில் இரண்டை, முடிவிடத்தில் காத்திருந்த தலைவர் உப்பும் மிளகும் போட்டு அங்கேயே சாப்பிட்டார்.

மறுநாளே சான்றிதழ் அச்சாகிவிட்டது. 'இச்சாலையில் குழி ஏதும் இல்லை, முட்டை உடைவதற்கான வாய்ப்பும் இல்லை என ஆணையம் சான்றளிக்கிறது.' தங்கநிற ஓரம், மூன்று கையெழுத்து. ஒத்துழைத்ததற்காக அம்மாவுக்கு ஒரு பிரதி கொடுத்தார்கள். எல்லா அலுவலகங்களுக்கும் ஒரு பிரதி போயிற்று. மருத்துவமனைக்கும்.

டார்ச் அதை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். அன்றைக்கு நாற்பத்தொன்று உடைந்திருந்தது.

"ரோட்டுல முட்டை உடையாதுன்னு அரசாங்கமே எழுதிக் குடுத்திருக்கு. அப்ப உடைக்கிறது யாரும்மா?"

"சார், நீங்களும் தினம் அந்த ரோட்டுலதானே வர்றீங்க?"

"வர்றேன். இடுப்புல பெல்ட்டு போட்டுக்கிட்டுத்தான் வர்றேன். ஆனா என் இடுப்பு சொல்றதை நான் கோப்புல வைக்க முடியுமா?" அவர் இழுப்பறையைத் திறந்து ஒரு தாளைக் காட்டினார். "மூணாவது கடிதம். அடிச்சு வச்சாச்சு. தேதி மட்டும் போடல. மாசக் கடைசி வரைக்கும் பாக்கறேன். எனக்கும் மேல ஆள் இருக்கு."

"நானும் அவிச்சே கொண்டாந்துடட்டுமா சார்? எப்படியும் நீங்க அவிக்கத்தானே போறீங்க?"

"ஒப்பந்தத்துல பச்சை முட்டைன்னு போட்டிருக்கு. நாங்கல்லாம் தெளிவா எழுதறவங்கம்மா."

மாதம் முடியப் பன்னிரண்டு நாள் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் நான் மனு எழுத உட்கார்ந்தேன். எட்டுப் பக்கம். அரசியல் சட்டம், பொருளாதாரம், அவித்த முட்டை எல்லாவற்றையும் எழுதினேன். பேனா முனை தாளைக் கிழித்தது. அம்மா வாசலில் குந்தியபடி ஆட்டோக் கண்ணாடியைக் கம்பி வைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"எந்தப் பெட்டில போடுவே?"

நான் வாங்கிய பட்டத்தில் அந்தக் கேள்விக்குப் பாடம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை முட்டை இல்லாத நாள். விடிந்ததும் அம்மா காலி ஆட்டோவை ஆணையத்துக்கு விட்டாள். இடித்த சுவரின் கல்லும் செங்கல்லும் வெளியே மலையாகக் கிடந்தன. காவலாளி கும்பிடாத குறை.

"எடுத்துட்டுப் போங்க தாயி, புண்ணியமாப் போகும். இதை எந்தத் துறை எடுக்கணும்னு ஆறு மாசமா உள்ளே கடிதம் எழுதிட்டிருக்காங்க."

ஐந்து நடை அடித்தோம். பங்க் அக்கா கடப்பாரையோடு வந்தாள். போகிற வழியில் லாரியை நிறுத்திய ஒரு டிரைவர், "என்னம்மா, மாமியாருக்குக் காரியமா?" என்று கேட்டுவிட்டு, லோடு லாரியை ஒவ்வொரு குழிமேலும் முன்னும் பின்னுமாக நாலு தடவை ஓட்டிக் கொடுத்தார். பல்செட்டை மூடுவதற்கு முன்னால் அக்கா கையை விட்டுத் துழாவிப் பார்த்தாள். கிடைக்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்குள் ஒன்பதும் முடிந்தது. எட்டு ஆண்டுப் பரிசீலனை, ஐந்து மணி நேர வேலை. உயர்த்திய வரி அந்தச் சாலைக்கு வந்து சேர்ந்த முதல் நாள் அதுதான், கல்லாக.

திங்கட்கிழமை ஒன்பது முட்டை உடைந்தது. ஆயிரத்து இருநூறில் ஒன்பது. டார்ச் இரண்டு முறை அடித்துப் பார்த்தார். பேட்டரி சரியில்லை என்று நினைத்து மாற்றிவிட்டு மூன்றாவது முறை அடித்தார்.

ஒரு வாரம்தான். பிறகு ஆணையத்திலிருந்து அழைப்பாணை வந்தது. அந்தச் சாலையிலிருந்த பங்கில் பெட்ரோல் விற்பனை குறைந்ததை நிதி உறுப்பினர் கவனித்துவிட்டார். சந்தேகப்பட்டு ஆள் அனுப்பியிருக்கிறார். குற்றச்சாட்டு: ஆணையத்தின் அளவைச் சாலையிலிருந்த ஒன்பது குழிகளை அனுமதியின்றி மூடி, நிதிக்கு இழப்பு ஏற்படுத்தியது. தண்டனை: வாகனம் பறிமுதல்.

அம்மா முகம் கழுவிக்கொண்டு கிளம்பினாள். "அந்தத் தங்கக் கலர் தாளை எடுத்துக்கடி" என்றாள்.

அதே மண்டபம், அதே இருநூறு நாற்காலி. ஆட்டோவின் சாவியை முதலிலேயே வாங்கி மேசைமேல் வைத்துவிட்டார்கள். அம்மாவின் கண் சாவியை விட்டு நகரவில்லை.

"ஒன்பது குழியை மூடினீங்களா, இல்லையா?" என்றார் செயலாளர். "ஒத்தை வார்த்தையில சொல்லுங்க."

"எந்தக் குழி சார்?"

"அந்தச் சாலையிலிருந்த குழி."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் எழுந்து சான்றிதழைப் படித்தேன். குழி ஏதும் இல்லை என்ற இடத்தைக் கொஞ்சம் சத்தமாகவே படித்தேன்.

"நீங்களே இல்லைன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க" என்றாள் அம்மா. "மூணு பேரு கையெழுத்து போட்டிருக்கீங்க. இல்லாத குழியை நான் எப்படி சார் மூடுவேன்?"

செயலாளர் கையை நீட்டிச் சான்றிதழை வாங்கிப் பார்த்தார்.

"அப்படியானால் விற்பனை ஏன் குறைந்தது?" என்றார் நிதி உறுப்பினர். "குழி இருந்தது! என் ஆள் பார்த்திருக்கிறான்!"

"இருந்திருக்கலாம்" என்று நிபுணர் வாயைத் திறந்தார். "அன்றைக்கு நாம் அவித்த..." தலைவர் இருமியதில் மிச்சம் கேட்கவில்லை.

கையெழுத்துப் போட்ட மூன்று பேரும் தலையைச் சேர்த்துக்கொண்டு கால்மணி நேரம் பேசினார்கள். குழி இருந்தது என்றால் சான்றிதழ் பொய். சான்றிதழ் பொய் என்றால் வரி ரத்து. வரி ரத்து என்றால் ஆணையம் ரத்து. மின்சாரக் காரும் போய்விடும். கடைசியில் தலைவர் எழுந்து தீர்ப்பைப் படித்தார்.

"இல்லாத குழிகளை இந்த அம்மையார் மூடவில்லை என இந்த ஆணையம் ஒருமனதாகத் தீர்மானிக்கிறது. இல்லாத குழிகளை இனியும் அவர் மூடக் கூடாது என எச்சரிக்கிறது."

சாவியை அம்மா எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். நாங்கள் எழுந்தோம்.

"உட்காருங்க, உட்காருங்க" என்றார் செயலாளர். "பொதுமக்கள் வந்திருக்கிறதால அடுத்த விஷயத்தையும் இப்பவே முடிச்சிடலாம். சாலை சீரானதால் விற்பனை குறைந்து நிதிக்கு இழப்பு. ஈடுகட்ட வரியை இன்னும் இரண்டு சதவீதம் உயர்த்தலாமா? பொதுமக்கள் என்ன சொல்றீங்க?"

அம்மா ஒரு தடவை பட்டவள். வாயையே திறக்கவில்லை. குறிப்பு எழுதுகிறவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுதினார்: 'பொதுமக்கள்: மறுப்பு இல்லை.'

மாதக் கடைசியில் டார்ச் அந்தத் தாளில் தேதி போடவில்லை. கிழிக்கவும் இல்லை. இழுப்பறைக்குள் தள்ளினார். "பத்திரமா இருக்கட்டும்" என்றார். மறுவாரம் அவர் இடுப்பில் பெல்ட்டு இல்லை.

அடுத்த திங்கட்கிழமை நாங்கள் முட்டையோடு வந்தபோது நாத்தனார் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் இரண்டு பேர் கடப்பாரையோடு நின்றார்கள். புதுப் பலகை ஓரமாகச் சாய்த்து வைத்திருந்தது. 'உங்கள் வரியில் சீரமைக்கப்பட்ட சாலை. திறப்பாளர்: தலைவர்.' தாரின் விளிம்பிலிருந்து ஓரடி உள்ளே, இரண்டு குழிகளில் ஒன்று முடிந்திருந்தது.

அம்மா ஆட்டோவை நிறுத்தி இறங்கினாள். குழிக்குள் காலை விட்டு ஆழம் பார்த்தாள். முழங்கால் அளவு. வந்து ஏறி, இடது சக்கரத்தை மண் ஓரத்தில் ஏற்றி, மூச்சை அடக்கிக்கொண்டு தாண்டினாள்.

"ஞாயித்துக்கிழமை அந்தச் சுவருகிட்ட ஒரு நடை போய்ட்டு வந்துடணும்" என்றாள்.

"அங்க ஏதும்மா கல்லு? இடிச்சதெல்லாம் நாமதான் அள்ளிட்டு வந்துட்டோம். புதுச் சுவரும் கட்டி முடிச்சிட்டாங்க."

அம்மா கியரை மாற்றினாள்.

"திரும்ப இடிப்பாங்கடி. வரி ஏத்தியிருக்காங்கல்ல."